எடுக்காமல் விட்ட சிரிப்பு

நம் கேமரா அண்ணன் இப்போது பிணமாக நடித்துக்கொண்டிருக்கிறார். உங்களில் பாதிப் பேர் எர்ணாவூரை விட்டுப் போய்விட்டதால் இது தெரிந்திருக்காது. சினிமா கம்பெனிகள் நம் பக்கம் சாவு சீன் எடுக்க வந்தால், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறான். மூச்சை அடக்கிப் படுப்பதில் அவருக்கு மேல் ஆள் இல்லையாம். இமை ஆடாது. உதட்டில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். அண்ணன் படுத்துவிட்டால் ஒரே டேக்தான் என்று அந்த ஏஜென்ட் என்னிடமே பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டு, "முன்னாடி ஏதோ படம் எடுத்தவராமே, நெசமா சார்?" என்று கேட்டான்.

நிஜம்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. நம் பக்கத்தில் முப்பது தாண்டினவனை வெளியூர்க்காரன் பார்த்தால் நாற்பத்தைந்து என்பான். எனக்கு முன்பக்கம் முடி போய்விட்டது. உங்களில் ஒருத்தனுக்குச் சர்க்கரை, ஒருத்தனுக்கு இடுப்பு. போன மாதம் கிரிக்கெட் விளையாடலாம் என்று கூடி, இரண்டாவது ஓவரில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோமே. மறதியும் சீக்கிரம் வந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதுகிற வேலை என் தலையில்தான் விழும். நீங்கள் யாரும் எழுதப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன பிறகு ராயபுரம் பக்கத்துக் கரையிலிருந்து நம்மை அள்ளிக்கொண்டு வந்து எர்ணாவூரில் அடுக்கினார்களே, அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்த கோடை லீவு அது. பிளாக்கின் சுவர்களில் அப்போது கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் துணியாக எடுக்க வேண்டும். காற்று எண்ணூர்க் கம்பெனிகள் பக்கமிருந்து வந்தால் அடுப்பில் ஏதோ பிளாஸ்டிக் விழுந்த மாதிரி வாடை. கடல் பக்கமிருந்து வந்தால் கருவாட்டு வாடை. நம் அம்மாக்கள் இரண்டாவது வாடை வரும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்.

படிக்கட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படிக்கட்டை யார் வரைந்தார்களோ, அவர்கள் வீட்டில் யாரும் செத்ததே கிடையாது போல. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் திருப்பத்தில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் இடம். மாடியில் ஒருத்தர் செத்தால் பாடை திரும்பாது. முதல் வருஷம் இரண்டாம் மாடிக் கிழவர் செத்தபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி இறக்கினார்கள். தலை ஆடி ஆடி இறங்கினதை நாம் கீழே நின்று பார்த்தோம். உங்களில் ஒருத்தன் சிரித்து, அடி வாங்கினான்.

அந்தக் கிழவரை நாற்காலியில் இறக்கியதைப் பார்த்த நாளிலிருந்துதான் கேமரா அண்ணனுக்குப் படம் பிடிக்கும் பைத்தியம் முற்றியது.

அவர் எங்கள் மாடியிலேயே, இரண்டு கதவு தள்ளி, தன் அக்காவோடு இருந்தார். அக்கா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவர். இவர் சின்ன வயதில் ராயபுரம் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி, அங்கேயே கீபோர்டு கற்றுக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் ஞானப்பாட்டு, மற்ற நாட்களில் சாவு வீட்டில் கானா. இரண்டுக்கும் அவரிடம் ஒரே சட்டைதான், வெள்ளை. காலடிப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் லைட் பிடிக்கப் போய், கேமரா பிடிக்கிறவர் ஆனார். அவருடைய தாத்தா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த புல்புல் தாரா ஒன்று வைத்திருந்தார். டைப் அடிக்கிற மெஷினுக்குத் தந்தி கட்டின மாதிரி இருக்கும். அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் நாக்கைச் சொடுக்கிச் சரிசெய்துகொள்வார். நமக்கு ரொம்ப நாள் வரை பாட்டே அப்படித்தான் என்று நினைப்பு.

அவர் எடுக்க நினைத்த கதை இவ்வளவுதான். மூன்றாம் மாடியில் ஒருவர் சாகிறார். பாடை கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் படம் முழுக்க. ஒவ்வொரு திருப்பத்திலும் பாடை மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட இடத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். அந்த வீட்டுக்காரர்கள் செத்தவரைப் பற்றி ஏதோ சொல்வார்கள். ஒரு வீட்டில் திட்டுவார்கள், ஒரு வீட்டில் அழுவார்கள், ஒரு வீட்டில் யாரென்றே தெரியாது என்பார்கள். தெருவுக்கு வந்ததும் படம் முடிந்துவிடும். "நம்மள எடுக்க வர்றவன்லாம் கத்தியத்தான் எடுக்குறான். நான் படிக்கட்ட எடுக்குறேன்" என்பார். அது பெரிய பேச்சு என்று இப்போது தெரிகிறது. அப்போது நமக்கு அதில் சண்டை இல்லையே என்று வருத்தம்.

அவர் வேலை செய்த முறையும் விசித்திரம். படம் எடுக்கும் முன்பே பாட்டைப் பதிவு செய்துவிட்டார். பாட்டு முதலில் காதில் ஓடினால்தான் கேமரா எப்போது நகர வேண்டும் என்று கைக்குத் தெரியுமாம். வாத்தியம் நாம்தான். படிக்கட்டுக் கைப்பிடியின் இரும்புக் குழாய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் தரும் என்று அவர்தான் தட்டிக் காட்டினார். கீழ்மாடிக் குழாய் கனத்த சத்தம். மேலே போகப் போக, துரு ஏறின அளவுக்குக் கீச்சு. ஆளுக்கு ஒரு மாடியில் நம்மை நிற்கவைத்து, கையில் ஸ்பூன் கொடுத்து, கீழே நடுவில் நின்றுகொண்டு அண்ணாந்து கை காட்டுவார். நீலத் தண்ணீர் டிரம்மில் ஒருத்தன். காலி சிலிண்டரில் ஒருத்தன். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி ரயில் போகும் நேரம் அவருக்குத் தெரியும். அதன் தடதடப்பு வரும்வரை காத்திருந்து ஆரம்பிப்போம். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய புல்புல் தாரா. அந்த நாக்குச் சொடுக்கு.

மதியத் தூக்கம் கெட்ட நம் அம்மாக்கள் வாசலுக்கு வந்து திட்டிய திட்டும் அந்தப் பதிவில் இருந்தது. அது அப்படியே கிடக்கட்டும், நல்லாயிருக்கு என்றார் அண்ணன்.

எல்லாம் கூடிவந்தது. பிணம்தான் கிடைக்கவில்லை. படுக்கிறேன் என்று சொன்னவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். கடைசியில் என் நைனா ஒத்துக்கொண்டார்.

நைனா எண்ணூரில் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்டில் டேங்க் கழுவப் போகிறவர். ஆள் உள்ளே இறங்கி, அடியில் படிந்த கசடைச் சுரண்டி வாளியில் அனுப்பும் வேலை. வேலை முடிந்து வந்தால் என்னைத் தொடமாட்டார். குளித்தாலும் அந்த வாடை போகாது. நான் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்தால் வாசலில் உட்கார்ந்து கேட்பார். அறிவியலோ வரலாறோ, எதுவானாலும் சாமி கதை கேட்கிற மாதிரி தலையாட்டுவார். பிணமாக நடிக்கப் போகிறாயாமே என்று மாடிக்காரர்கள் கிண்டல் செய்தபோது, "வாரம் முச்சூடும் குனிஞ்சிக்கினு வேல செய்றேன். ஒரு நாளு படுத்துக்கினு செய்றேனே, இன்னா இப்ப?" என்றார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் தம்பி துறைமுகத்தில் நடந்த ஷூட்டிங்குகளுக்குக் கூட்டத்தோடு நிற்கப் போனவர். அவர் மூலம் அம்மாவுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருந்தது. சினிமாவில் பிணமாகப் படுத்தவரை ஷாட் முடிந்த கையோடு எழுப்பி, சிரிக்கவைத்து, அதையும் ஒரு ஷாட் எடுப்பார்கள். படத்தில் அது வராது. ஆனால் அந்த ஆளைக் கேமரா கடைசியாகப் பார்த்தது பிணமாக இருக்கக் கூடாது. திருஷ்டி கழிக்கிற மாதிரி. பெரிய நடிகர்களே அதை எடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்களாம்.

அண்ணனைக் கூப்பிட்டு அம்மா அதை மட்டும் கேட்டார்.

"மாதா மேல ஆணையா எடுத்துடுறேன் அண்ணி" என்றார் அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேமரா அவருடைய முதலாளியுடையது. சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டுக்குத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். நைனாவுக்கு மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார்கள். பஞ்சு கூசி அவர் தும்மத் தும்ம, காசு விழுந்துகொண்டே இருந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே காரப்பொடி மீன் கழுவினார். மனைவியாக அழ ஒத்துக்கொண்டது கீழ்வீட்டு அத்தை. அத்தை தன் செத்துப்போன புருஷனை நினைத்து அழ ஆரம்பித்து, கட் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்து நிறுத்தினார்கள்.

மூன்றாம் மாடிக்குக் கீழே முதல் திருப்பத்தில் பாடை மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் கதை. ஆனால் கதையில் அது பிறகு இறங்கவும் வேண்டும். தூக்கின நாலு பேரும் இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். ஆளுக்கு ஒரு யோசனை கத்தினார்கள். ஒருத்தன் விரல் சுவரில் நசுங்கிக் கெட்ட வார்த்தை சொன்னான். அப்போது பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"டேய், தல பக்கம் தூக்கி கைப்புடி மேல வையுங்கடா. அப்பால கால் பக்கம் சுத்துங்க. டேங்க்ல இருந்து ஏணிய அப்டிதான்டா எடுப்போம்."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. டேக் போச்சு. ஆனால் பாடை இறங்கியது. அவர் சொன்ன மாதிரியே திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு திருப்பத்திலும் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த நாலு பேருக்கும் பாடையைத் திருப்புவது கை வந்த கலையாகிவிட்டது.

கடைசி ஷாட் தெருவில் முடிந்தபோது கேமராவின் பேட்டரியும் முடிந்தது. பிளாக்கில் கரண்ட் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து பைக்கில் உட்கார்ந்திருந்தான். நைனா மூக்குப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிரிப்பு எடுக்கலையா என்று கேட்டார். வருகிற ஞாயிறு கேமரா கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான் என்றார் அண்ணன்.

"மேல உங்க அண்ணி பாத்துக்கினு கீறாப்பா. சும்மானாச்சும் எடு" என்றார் நைனா.

அண்ணன் செத்த கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். நைனா தாடைக்கட்டோடு நின்று சிரித்தார். நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை திரும்பக் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். தாடைக்கட்டு வருகிறது. நெற்றியில் காசு ஒட்டியிருந்த வட்டம் வருகிறது. சிரிப்பு வருவதில்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

அந்த ஞாயிறு வரவில்லை. அதற்கு முன்பே, வேலை நாளில், நைனா டேங்குக்குள் இறங்கினவர் ஏறவில்லை. கூட வேலை செய்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்களாம். கான்ட்ராக்டர் ஆள் உயர மாலையோடு வந்தார். இதயம் பலவீனமாக இருந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லையா என்று எங்களையே கேட்டார். அம்மாவிடம் கைகூப்பினார். ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிளாக்கில் இருந்த பெரியவர்கள் அவருக்கு நாற்காலி போட்டு, சோடா கொடுத்தார்கள்.

அவரிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? சாவுக்குக் காரணம் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கப் பேட்டரியைப் பற்றித்தான் பேச்சு. பாடையில் படுத்தவனைச் சிரிக்கவைக்காமல் அனுப்பிவிட்டான் கேமராக்காரன். கேமரா கடைசியாகப் பிணத்தைத்தான் பார்த்தது. மேலே அம்மாவை ஏமாற்ற வெறும் கேமராவைத் தூக்கிக் காட்டினான் என்பதையும் நாம் பிள்ளைகள்தான் உளறியிருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியும்? கான்ட்ராக்டர் சோடாவைக் குடித்து முடித்து, நிம்மதியாகக் காரில் ஏறிப் போனார்.

கேமரா அண்ணன் வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. அதற்குள் தீப்பெட்டி அளவில் கேசட்டுகள். படம் முழுக்க அதில்தான், பாட்டுப் பதிவும் அதில்தான். பிரதி எடுக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. நாலு புத்தகம் படித்தவர், பேயாவது பிசாசாவது என்று நம்மிடம் கிண்டல் செய்தவர். அவராவது அது காரணம் இல்லை என்று சொல்வார் என நினைத்தேன். எனக்கு அன்றைக்கு அப்படி ஒருத்தர் தேவைப்பட்டார். அவர் அம்மாவின் காலடியில் டப்பாவை வைத்துவிட்டு, தப்பு தன்மேல்தான் என்றார். பயத்தில் சொல்லவில்லை. அடிக்கு அஞ்சியும் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே நீயும் சிரிக்காத" என்றார்.

பாடையைத் தூக்க அதே நாலு பேர்தான் வந்தார்கள். முதல் திருப்பத்துக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே நின்றார்கள். மேளக்காரர்களும் என்னமோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள். அந்த நாலு பேரும் எதற்குக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு தலைப் பக்கத்தைத் தூக்கிக் கைப்பிடி மேல் வைத்து, கால் பக்கத்தைச் சுற்றினார்கள். எங்கும் இடிக்கவில்லை. பழகின கைகள்.

எர்ணாவூருக்கு வந்த பிறகும் நம் செத்தவர்களை மூலக்கொத்தளத்துக்குத்தான் கொண்டுபோகிறோம். பாட்டன் பூட்டன் எல்லாரும் அங்கேதானே. குழிக்குள் நைனாவின் கால்மாட்டில் பிஸ்கட் டப்பாவையும் வைத்தார்கள். உடம்பு போகிற இடத்துக்கு நிழலும் போய்விட வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். கேமரா அண்ணனும் கைப்பிடி மண் போட்டார். அவர் படத்தின் மேலேயும் சேர்த்துத்தான் போட்டார். அங்கே ஒரு குழி ரொம்ப நாள் ஒருத்தருக்குச் சொந்தமாக இருக்காது. இந்நேரம் அந்த டப்பாவுக்கு மேல் வேறு யாரோ படுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையைச் சொல்ல அதிகம் இல்லை. வீடியோக்கார முதலாளி, கல்யாண வீட்டுக்காரர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று அவரை நிறுத்திவிட்டார். சாவு வீட்டில் பாடக்கூடக் கூப்பிடவில்லை. செத்த வீட்டில் இதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று பயந்தார்களோ. கோயிலில் யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவராகவே போவதை நிறுத்தினார். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். புல்புல் தாரா மழைத் தண்ணீர் புகுந்த வருஷம் ஊறிப் பிளந்தது. கைப்பிடிக் குழாய்களை யாரோ ஒவ்வொன்றாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது இருப்பது சிமென்ட் கட்டை. அதில் ஸ்பூனால் தட்டினால் ஸ்பூன்தான் வளையும். அந்தப் பாட்டை உங்களிடம் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு மெட்டு முனகுகிறீர்கள். அவரவர் மாடியில் அடித்தது மட்டும்தான் அவரவருக்கு ஞாபகம்.

நான் படித்தேன். நைனாவுக்காக என்று சொல்லிச் சொல்லி அம்மா படிக்கவைத்தார். வேலையும் எண்ணூரில்தான் கிடைத்தது. வேறு கம்பெனி, உள்ளே ஏசி அறை. சேர்ந்த புதிதில் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். மூடின டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் மீட்டரை இறக்கி உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே ஒருத்தர் அவரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் இறங்க முடியாது என்று சொல்ல இறங்குகிறவருக்கு உரிமை உண்டு என்றார் பாடம் எடுத்தவர். எல்லாரும் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். டேங்குக்குள் என்ன காற்று இருந்திருக்கும், அது எப்படிக் கொல்லும், யார் பொறுப்பு. அம்மா பொறுமையாகக் கேட்டார். நான் பாடம் வாசித்தால் நைனா கேட்பாரே, அப்படி.

"நீ சொல்றதெல்லாம் கரெக்டா கீது" என்றார் கடைசியில். "ஆனா சிரிச்சிருந்தா ஏறி வந்திருப்பாருடா."

கேமரா அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். அவரை விடுவித்துவிடுவோம் என்ற நினைப்பு எனக்கு. ஆட்டோவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "உனுக்கு உன் படிப்பு சொல்லுது. எனுக்கு என் கேமரா சொல்லுச்சு" என்றார். பிறகு எண்ணூருக்கு ஆள் ஏறியது, கிளம்பிவிட்டார்.

முழங்கால் போய் ஆட்டோவை விட்ட பிறகுதான் ஏஜென்ட் அவரைப் பிடித்தது. பிணத்துக்குப் படுக்க இன்றும் யாரும் சுலபத்தில் வருவதில்லை. இவர் எதையும் கேட்காமல் படுக்கிறார். எந்தக் கம்பெனி ஆனாலும் முடிந்ததும் சிரிக்கச் சொல்வார்கள். பல்லைக் காட்டுவாராம், அவ்வளவுதான். அவர்களுக்கும் அது போதும்.

இந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி நம் பிளாக்கிலேயே எடுக்க வந்தது. ரவுடிப் படம். ரவுடியின் அண்ணனை வெட்டிவிடுகிறார்கள், பிணம் மாடியிலிருந்து இறங்குகிறது. லீவு போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றேன். நம் மூன்றாம் மாடியிலிருந்து பாடை கிளம்பியது. மேலே கேமரா அண்ணன், மூக்கில் பஞ்சு, தாடைக்கட்டு. கழுத்து வரை ரோஜா மாலை. தூக்கினவர்கள் எல்லாம் ஜிம்முக்குப் போன வெளியூர்ப் பையன்கள்.

முதல் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. டைரக்டர் கீழேயிருந்து மைக்கில் கத்தினார். உதவியாளர்கள் ஓடினார்கள். படிக்கட்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் கணக்குப் போட்டார். சுவரை உடைக்க முடியுமா என்றுகூடக் கேட்டார்கள்.

"தல பக்கம் தூக்கி கைப்புடி மேல வையுங்க" என்றது பிணம், கண்ணைத் திறக்காமல். "அப்பால கால் பக்கம் சுத்துங்க."

பாடை இறங்கியது. சூப்பர் என்றார் டைரக்டர். தன் வாழ்நாளில் ஒரு பெரிய படத்துக்கு அண்ணன் செய்த டைரக்‌ஷன் அது ஒன்றுதான். யார் சொன்னது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடியில் எங்கள் கதவு திறந்திருந்தது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தைகள் அவர் காதில் விழுந்திருக்கின்றன. அன்றைக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தபோதும் மூடின கதவு வழியாக அதைக் கேட்டிருப்பார்.

தெருவில் ஷாட் முடிந்தது. டைரக்டர் நிழலுக்குப் போய்விட்டார். சின்னக் கேமராவோடு ஒரு பையன் பாடையருகே வந்து, சிரிங்கண்ணே என்றான். அண்ணன் எழுந்து உட்கார்ந்து வழக்கம்போலப் பல்லைக் காட்டினார். பையன் போதும் என்று திரும்பினான்.

"தம்பி, அது சிரிப்பு இல்ல" என்று மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. நைனா போன நாளிலிருந்து அம்மா அண்ணனிடம் பேசியதில்லை. "நீ சிரிப்பா. ஒருத்தர் போனது போதும்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம் திரும்பினார்.

"பேட்டரி கீதா?"

"ஃபுல்லா இருக்குண்ணே."

"நல்லா பாத்துட்டு சொல்லு."

பையன் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றான். அண்ணன் தாடைக்கட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார். உதடு விரிந்தது, கன்னம் ஏறியது. எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனது. ஆனாலும் சேரவில்லை. எழும்பாத கட்டையில் விரல் அழுத்தின மாதிரி இருந்தது. இன்னொரு முறை பார்த்தார். பையனுக்குப் பொறுமை போய்விட்டது. ஓகே என்று சொல்லி நகர்ந்தான். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அந்தப் பையன் பின்னாலேயே போய், அந்த ஷாட்டை எனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சிடுவோம் சார். கார்டுல இடம் வேணும்ல" என்றான்.

திரும்பி வந்தபோது அண்ணன் பாடையை விட்டு இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து, தட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் திருவொற்றியூரில் வேறொரு கம்பெனிக்கு அவர் சாக வேண்டியிருந்தது.